என் பெயரில் பதினொரு தடவை

போர் ஓய்ந்து வன்னிப் பாதை திறந்திருந்த காலத்தின் கடைசி மாரி அது. கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் கடையின் பின் அறையில் இருந்துகொண்டு, ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கும் அப்பால், பஸ்ஸில் ஒரு பகல் முழுவதும் போகவேண்டிய தூரத்தில் இருந்த என் பல்கலைக்கழகத்தின் கணினிக்குள் தினமும் அரை மணித்தியாலம் போய் வந்தேன்.

செக்கியூர் ஷெல் என்று அந்த வழிக்குப் பெயர். திரையில் கறுப்பாக ஒரு பெட்டி திறக்கும். பெயரைக் கேட்கும், பிறகு கடவுச்சொல்லைக் கேட்கும். இரண்டும் சரியென்றால் நான் இங்கே தட்டுகிற எழுத்து அங்கே இருக்கிற இயந்திரத்தில் போய் விழும். வேலை அங்கே நடக்கும், விடை இங்கே வரும். நடுவில் எவர் ஒட்டுக்கேட்டாலும் விளங்காதபடி எல்லாவற்றையும் குழப்பித்தான் அனுப்பும். அதன் பாதுகாப்பைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. நடுவில் எவரும் எதையும் எடுக்கவில்லை.

கடையின் இணைப்பு கூரையில் இருந்த செய்மதிக் கிண்ணத்தின் வழியாக வானத்துக்குப் போய் வந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் தெரிய ஒரு விநாடிக்கு மேல் பிடிக்கும். முதல் வாரம் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தேன். பிறகு திரையைப் பார்க்காமல் முழு வரியையும் தட்டிவிட்டு, அது வந்து சேரும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கப் பழகினேன். கடையை நடத்திய அக்காவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மாரின் முகத்தைப் பார்க்க வந்தார்கள். நான் கறுப்புப் பெட்டியைப் பார்க்க வந்தேன். "பிள்ளை, உமக்குப் படமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். இருட்டைப் பாக்கவோ இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வாறீர்?" என்று கேட்பார்.

வேலையை வீட்டில் செய்து ஃபிளொப்பியிலோ சீடியிலோ கொண்டு போயிருக்கலாமே என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். பாதையால் போய்வந்தவர்கள் கேட்கமாட்டார்கள். இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சோதனையிலும் பையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். உடுப்பு, புத்தகம், மிளகாய்த்தூள் எல்லாம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாத ஒரு தட்டைக் கண்டால் கேள்வி வரும். விளங்கப்படுத்தப் போனால் பஸ் போய்விடும். முதலாம் ஆண்டில் ஒரு ஃபிளொப்பியை அப்படி இழந்த பிறகு, வெறுங்கையோடு பாதையைக் கடப்பது என்று முடிவு செய்தேன். எழுதியது எல்லாம் பல்கலைக்கழகக் கணினியில் இருக்கும். நான் மட்டும் போய் வருவேன்.

இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்கு எங்களுக்கு நான்கு மாதம் தந்திருந்தார்கள். இரணைமடுக் குளத்து வாய்க்கால்களில் தண்ணீர் முறை பிரிக்கிற ஒரு கணினி நிரலை நான் எழுதிக்கொண்டிருந்தேன். குளத்தின் மட்டத்தையும் வயல்களின் பரப்பையும் கொடுத்தால், எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் திறப்பது என்று அது அட்டவணை போட்டுத் தரவேண்டும். அப்பாவின் வயல் ஒரு வாய்க்காலின் கடைசியில் இருந்தது. மேலே உள்ளவர்கள் ஒரே நேரத்தில் திறந்தால் எங்களுக்குச் சேறுதான் வரும். எந்த இரண்டு வயலுக்கு ஒன்றாகத் திறக்கக்கூடாது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. காலையில் வாய்க்கால் கரையால் சைக்கிளில் போய் ஆட்களிடம் கேட்டுக் கொப்பியில் எழுதினேன். பின்னேரத்தில் அதைக் கணினிக்குள் ஏற்றினேன்.

இந்தச் செயற்றிட்டத்துக்கு நல்ல புள்ளி வந்தால் எனக்கு முதலாம் வகுப்பு. முதலாம் வகுப்பு என்றால் அங்கேயே ஒரு வருடம் உதவி விரிவுரையாளராக நிற்கலாம். மற்றப் பாடங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, குறைந்தது எவ்வளவு எடுக்கவேண்டும் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டிருந்தேன்.

எங்கள் ஆண்டில் வன்னியில் இருந்து இரண்டு பேர்தான். நான் கிளிநொச்சி, மற்றவள் வவுனியா. நடுவில் ஓமந்தை. மூன்றரை வருடம் விடுதியில் ஒரே அறை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் குறிப்பு எடுத்தேன். எனக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தபோது வகுப்பில் என் கேள்விகளை அவள் கேட்டாள். தன் கேள்வி போலக் காட்டாமல், "இவவுக்கு ஒரு சந்தேகமாம்" என்று என்னைக் காட்டித்தான் கேட்பாள். சனம் சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். அந்த நான்கு மாதமும் அவள் பல்கலைக்கழகத்திலேயே நின்றாள். அவளுடைய செயற்றிட்டம் பரீட்சைகளுக்கு நேர அட்டவணை போடுகிற நிரல். ஒரே மாணவர் எழுதுகிற இரண்டு பாடங்களை ஒரே நேரத்தில் வைக்கக்கூடாது என்பதுதான் அதில் முக்கியமான சிக்கல். அவளுடைய பரீட்சையும் என்னுடைய தண்ணீரும் அடியில் ஒரே கணக்கு என்று நானே அவளுக்குச் சொன்னேன். சொன்னபோது அது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அவள் ஆய்வுகூடத்தில் ஏழாம் இலக்கக் கதிரையில் இருப்பாள். அங்கிருந்து அவளும் அதே பல்கலைக்கழகக் கணினிக்குள்தான் போவாள்; அதற்குள் ஒன்றாக வேலை செய்கிறவர்கள் ஒருவர் திரையில் மற்றவர் ஒரு வரி எழுதலாம். அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. நான் உள்ளே போனதும் என் கறுப்புப் பெட்டியில் அவளுடைய வரி வந்து விழும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "வந்திட்டியே? சாப்பிட்டியே? அங்க மழையோ?" பிறகு எப்போதும் அதே கேள்வி: "எப்ப வாறாய்?" இன்னும் தெரியாது என்று எழுதுவேன். அந்த அரை மணித்தியாலத்தில் ஐந்து நிமிடம் இதற்குப் போகும். அதை வீண் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

கடவுச்சொல்லை நானாகத்தான் கொடுத்தேன். இரண்டாவது வாரத்தில், நீண்ட நேரம் ஓடவேண்டிய ஒரு கணிப்பைத் தொடக்கிவிட்டிருந்தபோது இணைப்பு விழுந்தது. மழை. அக்கா கூரையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு இனி வராது என்றார். கடையின் முன்பக்கத்தில் இருந்த தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டு, என் கணக்குக்குள் போய் அது முடிந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன். கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எங்கள் நாயின் பெயரும் அப்பாவின் சைக்கிள் இலக்கமும். "இதை நான் நினைச்சே பிடிச்சிருப்பனடி" என்று சிரித்தாள். பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்து, முடிந்துவிட்டது, விடை சரி என்றாள். அடுத்த நாள் கடவுச்சொல்லை மாற்ற நினைத்தேன். மாற்றினால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது எங்களிடம் இரண்டு நேரம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது எங்கள் பக்கத்தில் தள்ளவில்லை. அதனால் கிளிநொச்சியில் மூன்று மணி என்றால் வவுனியாவில் மூன்றரை. பழைய நேரம், புதிய நேரம் என்று சொல்வோம். ஓமந்தையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் கூட்டுவது, திரும்பி வரும்போது குறைப்பது. கலியாண வீட்டு அழைப்பிதழைக் கண்டால் எந்த நேரம் என்று கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். எங்கள் வாழ்க்கையில் எங்கேயாவது அரை மணித்தியாலம் இடித்தால், அதற்குக் காரணம் தேடுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. காரணம் ஏற்கனவே கையில் இருந்தது.

பல்கலைக்கழகக் கணினி புதிய நேரத்தில் ஓடியது. நான் கடைக்குள் போனதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, அரை மணித்தியாலம் கூட்டி, உள்ளே போன நேரத்தைக் கொப்பியில் எழுதுவேன். ஒவ்வொரு முறையும் உள்ளே போனதும் அந்த இயந்திரம் ஒரு வரி காட்டும்: கடைசியாக இந்தக் கணக்குக்குள் வந்தது இத்தனை மணிக்கு, இந்த முகவரியில் இருந்து. முகவரி என்பது நான்கு எண்கள். வானத்து இணைப்பில் அது நாளுக்கு நாள் மாறும். அதனால் அதை வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். நேரத்தை மட்டும் கொப்பியோடு ஒப்பிட்டு ஒரு சரி போடுவேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கொப்பியில் முந்தைய நாளுக்கு மூன்று முப்பத்திரண்டு என்று இருந்தது. திரையில் நான்கு இரண்டு என்று இருந்தது. நான் சரி போடவில்லை. அவளிடம் கேட்டேன்.

"நேற்று நாலு ரெண்டுக்கு என்ர கணக்குக்குள்ள போனனியே?"

"இல்லையடி. நான் ஏன் போறன்? எனக்கு என்ர வேலையே காணும்."

"அப்ப இந்த நாலு ரெண்டு என்ன?"

பதில் வரச் சற்று நேரமானது. வானத்தால் வருவதால் எல்லாமே நேரமாகித்தான் வரும்.

"உங்கட பழைய நேரமடி. அரை மணித்தியாலம் கூட்ட மறந்திருப்பாய். நீங்கள் எப்பவும் உலகத்துக்குப் பிந்தித்தானே வாறனியள்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். கொப்பியில் மூன்று முப்பத்திரண்டை வெட்டி நான்கு இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சரி போட்டேன். பிறகும் சில நாட்கள் அதே மாதிரி இருபத்தொன்பது நிமிடம், முப்பத்தொரு நிமிடம் என்று இடித்தது. கூட்ட மறந்த நாட்கள் என்று அவற்றையும் வெட்டி எழுதினேன். கடையில் நேரத்தை அரை மணித்தியாலத் துண்டுகளாகத்தான் தருவார்கள் என்பதும், நான் வெளியேறியதும் உடனே ஒருவர் உள்ளே போனால் அந்த இடைவெளியும் அரை மணித்தியாலமாகத்தான் இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. வரைபடமும் அட்டவணையும் போட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்குகிறவள் நான்.

மாசியில் கதை மாறத் தொடங்கியது. பாதை பூட்டப்போகினம் என்று சந்தையில், பஸ்ஸில், வாய்க்கால் கரையில் எல்லாம் அதே பேச்சு. அம்மா அரிசியும் மண்ணெண்ணெயும் சேர்த்து வைக்கத் தொடங்கினார். என்னை வேளைக்கே போ என்று அப்பா சொன்னார். வயல்காரர் இரண்டு பேரின் கணக்கு இன்னும் வரவேண்டி இருந்ததால் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். திரையில் அவளுடைய கேள்வியும் அடிக்கடி வந்தது. எப்ப வாறாய்? என்ன முடிவு? பாதை எப்பிடி இருக்கு? அவளுடைய செயற்றிட்டத்தை அவள் எனக்கு ஒரு கிழமை முந்தியே மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டிவிட்டாள். எப்படிப் போனது என்று கேட்டேன். "ஏதோ போச்சு" என்று எழுதினாள்.

என்னுடைய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வெறுங்கையோடு ஓமந்தையைக் கடந்தேன். விடுதியில் அவள் எனக்குச் சோறு எடுத்து வைத்திருந்தாள்.

குழுவில் மூன்று விரிவுரையாளர்கள். ஒருவர் மலையகத்தில் இருந்து வந்த மிஸ், என் செயற்றிட்டத்துக்குப் பொறுப்பானவர். மற்ற இருவரும் சேர்மார். முதல் கால் மணித்தியாலம் நன்றாகப் போனது. முறை பிரிக்கிற பகுதிக்கு வந்து அதன் வரிகளைத் திரையில் காட்டியபோது, ஒரு சேர் முன்னால் சாய்ந்தார். இதைத் தான் போன கிழமை பார்த்ததாகச் சொன்னார். பிறகு தன் தாள்களைப் புரட்டி, யாருடையதில் என்றும் சொன்னார்.

அவள் கடைசி வரிசையில் இருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்கூட, சேருக்கு ஏதோ பிழைபட்டுவிட்டது, அவள் எழுந்து சொல்லுவாள் என்றுதான் நின்றேன்.

சேர் இரண்டு கோப்புகளின் திகதியைப் பார்க்கச் சொன்னார். அவளுடையது ஆறு கிழமைக்கு முந்தியது. என்னுடையது முந்தைய நாள் திகதி. ஒரு கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கிறவரிடம் அது எப்போதும் புதிதாகத்தான் இருக்கும், எடுத்து வைத்துவிட்டுத் தொடாதவரிடம்தான் பழையதாக இருக்கும் என்று சொல்ல எனக்கு இரண்டு வசனம் போதும். அதைச் சொல்வதற்குப் பதில் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மிஸ் மட்டும் வாசித்தார். இருவரின் நிரலையும் அச்செடுத்துத் தன்னிடம் தரும்படி சொல்லி, அன்றைக்கு எங்களை அனுப்பிவிட்டார்.

அன்று அறைக்கு அவள் வரவில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் நின்றாள் என்று பிறகு அறிந்தேன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கட்டுத் தாள். அவளுடைய தாள்களில் ஒரு வரியின் கீழ் சிவப்பில் கோடு. மிஸ் அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"வயல எல்லாம் மண்டபமா மாத்திட்டீங்க. தண்ணிய பாடமா மாத்திட்டீங்க. இங்க ஒண்ணு தப்பிடுச்சு. பரீட்சை மண்டபத்துக்குள்ள வாய்க்கால் எங்கேருந்து வந்துச்சும்மா?"

நிரலுக்குள் நான் பெயர்களை ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்திருந்தேன். வயல், முறை, வாய்க்கால். நூற்று எழுபதாவது வரியில் ஒரு வாய்க்கால் மாறாமல் அப்படியே கிடந்தது. மிஸ் கணினிப் பொறுப்பாளரிடம் வாங்கிய இன்னொரு தாளையும் எடுத்தார். என் பெயரில் யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல். நான் கேட்டுப் போன அந்த ஒரு நாளை விட, ஏழாம் இலக்க இயந்திரத்தில் இருந்து பதினொரு தடவை. நான் தலைகீழாகவே வாசித்தேன். பதினொன்றும் நான் வெளியேறி இரண்டு நிமிடத்துக்குள். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுகிற கட்டளையைத் தட்டித் தட்டி, என் பெயர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாப்பிட்டியே என்று கேட்டுவிட்டு.

அப்போதுதான் அவள் பேசினாள். தான் களவெடுக்கவில்லை, கடவுச்சொல்லை நான்தான் கொடுத்தேன், இருவரும் ஒருவருக்கொருவர் உதவிதான் செய்து வந்தோம் என்றாள். மிஸ் என்னைப் பார்த்தார். கொடுத்தேனா என்று கேட்டார். ஓம் என்றேன். முதலாம் ஆண்டில் எல்லோரும் கையெழுத்து வைத்த தாளில், கடவுச்சொல்லை எவருக்கும் கொடுக்கக்கூடாது என்பது மூன்றாவது விதி. இரண்டாவது எது, நான்காவது எது என்றுகூட எனக்கு மனப்பாடம்.

வெளியே நடைபாதையில் அவள் எனக்குப் பின்னால் வந்தாள். நான் நின்றேன். ஏன் என்று கேட்க நினைக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"நீ வருவாய் எண்டு நான் நினைக்கேல்லையடி."

"எங்க?"

"இங்க. பாதை பூட்டப்போகுது எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பூட்டினா உன்னால வரேலாது. உன்ர வேலை சும்மா கிடந்து அழிஞ்சு போகும். ஒருத்தருக்கும் உதவாமப் போறதை நான் எடுத்தா என்ன எண்டு நினைச்சன்."

அவள் அழவில்லை. சொல்லி முடித்ததும் அவளுக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. எடுத்ததை நான் எப்படியோ விளங்கிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அந்தக் கணக்கு வரவில்லை, நாள் கிட்டியது, என்னுடையது திறந்து கிடந்தது. ஆனால் நான் உயிரோடு, தினமும், அவளுடைய திரையில் வரி எழுதிக்கொண்டிருந்தபோதே என்னை ஓமந்தைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டிவிட்டு, இல்லாதவளின் சாமானைப் போல என் வேலையைப் பிரித்திருக்கிறாள். எப்ப வாறாய் என்று கேட்டதெல்லாம் நான் வரும் நாளை அறியத்தான். அதை நான் அன்பு என்று வாசித்திருந்தேன்.

எத்தனை தரம் போனாய் என்று மட்டும் கேட்டேன். நாலைந்து இருக்கும் என்றாள். அப்போதும் குறைத்துத்தான் சொன்னாள்.

தீர்ப்பு அந்தக் கிழமையே வந்தது. இருவருக்கும் ஒன்றுதான். முறை பிரிக்கிற பகுதியை அழித்துவிட்டு, ஆறு கிழமைக்குள், ஆய்வுகூடத்தில், தனித்தனியாக, புதிதாக எழுதிக் காட்டவேண்டும். மறுபடி காட்டுகிறவர்களுக்குச் சாதாரண சித்திக்கு மேல் கிடையாது. வேலை என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்று மிஸ் தனியாகச் சொன்னார். கதவைத் திறந்து விட்டவரையும் உள்ளே வந்தவரையும் விதி ஒன்றாகத்தான் பார்க்கிறது என்றும் சொன்னார். அவர் நல்லவர். அவர் சொன்னது சரியும்கூட. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெட்டி போட்டிருந்த எண்ணை நான் வெட்டவில்லை. அந்தத் தாளை மடித்துப் பின்னால் செருகினேன்.

விடுதியில் அறை மாற்றிக்கொண்டேன். மூன்றாவது கிழமையில் அவள் ஆய்வுகூடத்தில் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். எழுதத் தெரியவில்லை என்றாள். எழுதித் தரவேண்டாம், எப்படி நினைக்கவேண்டும் என்று மட்டும் ஒருதரம் சொல்லித் தா, உனக்குத்தான் அது தெரியும் என்றாள். "உன்னைவிட எனக்கு இங்க ஆரடி இருக்கு?"

உண்மையில் எனக்குச் சொல்ல வாய் உன்னியது. அந்தக் கணக்கை விளக்குவது எனக்குப் பிடிக்கும். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இருபது நிமிடம்.

"பாதை பூட்டியாச்சு எண்டு வைச்சுக்கொள்" என்றேன். "நான் அங்கால நிக்கிறன். வரேலாது."

அவள் தன் கதிரைக்குத் திரும்பிப் போனாள். நான் திரும்பி வேலையைத் தொடங்கினேன். அன்றைக்கு எழுதிய எல்லாவற்றையும் அடுத்த நாள் அழிக்கவேண்டி வந்தது. அவ்வளவு பிழை.

இரண்டாவது தடவை எழுதியது முதலாவதைப் போல இல்லை. ஓடியது, விடை சரி. ஆனால் முதலாவதில் ஒவ்வொரு வரிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தேன். இணைப்பு விழுந்தால் அவள் வாசித்து விளங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். இரண்டாவதில் ஒன்றும் எழுதவில்லை. விளக்கம் இல்லையே என்று சேர் கேட்டார். நேரம் போதவில்லை என்றேன். அதற்கும் புள்ளி குறைத்தார்.

பெயர்ப்பட்டியல் ஒட்டியபோது இருவரும் சித்தி. சாதாரண சித்தி. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. உதவி விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. பாதை அப்போதும் திறந்துதான் இருந்தது. நான் வீட்டுக்குப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்த கிழமையே வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அம்மா என் பரீட்சைக்காக அம்மனுக்கு நேர்ந்திருந்தார், பொங்கவேண்டும் என்றார். அதிகாலையில் பானை, அரிசி, விறகு எல்லாம் ஏற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு உழவு இயந்திரப் பெட்டியில் போனோம். கோயில் வெளியில் அடுப்பு வைக்க இடம் பிடித்து, கல் அடுக்கி, தண்ணீர் கொதி வந்ததும் அம்மா அரிசிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"உன்ர சிநேகிதப் பிள்ளை வரேல்லையோ? போன வருசம் உலையில அவளெல்லோ அரிசி போட்டவ."

"பாதை பயமெண்டு நிக்கிறாள் அம்மா."

"அதுவும் சரிதான். பாஸ் பண்ணிட்டாளே?"

"ஓம். ரெண்டு பேரும் பாஸ்."

அம்மா நிம்மதியாகத் தலையாட்டினார். ஒரு பிடி அரிசியை அள்ளி மூன்று தரம் பானையைச் சுற்றி உலையில் போட்டார். பிறகு சுளகை என் பக்கம் நீட்டினார். "ரெண்டு பிள்ளையளும் நல்லாப் பாஸ் பண்ண வேணும் எண்டுதான் நேர்ந்தனான். அவள் இல்லாட்டி அவளின்ர பிடியை நீ போடு. நேர்ந்ததைக் குறைக்கக்கூடாது."

நான் சுளகில் கையை வைத்தபடி இருந்தேன். புகை கண்ணுக்குள் வந்தது. அம்மா என்ன யோசிக்கிறாய், உலை கொதிக்குது என்றார். ஒரு பிடி அள்ளி, மூன்று தரம் சுற்றி, போட்டேன்.